வீடு முழுக்க ஆர்.ஓ. தேவையா? ஒரு செட்டிநாட்டு வாசகிக்குப் பதில்

காரைக்குடிக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 61. சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், கணவரோடும் 86 வயதான ஆத்தாவோடும் பூர்வீக வீட்டுக்கே திரும்பிவிட்டார். நான்கு புள்ளிகளுக்கு, அதாவது நான்கு குடும்பங்களுக்குப் பங்குள்ள பழைய வீடு அது. ஓட்டைச் சரிசெய்து, இரண்டாம் கட்டில் புதிதாக இரண்டு குளியலறை கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் 260 அடி போரிலிருந்து வருகிறது. வாளியில் பிடிக்கும்போது தெளிவாக இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் மஞ்சளாகி மேலே ஏடு படிகிறது. வேட்டி எல்லாம் பழுப்பேறிவிட்டது. புதிய ஹீட்டரின் காயில் ஒரே வருடத்தில் போய்விட்டது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லிலும் வெள்ளை பூத்திருக்கிறது.

இந்த நிலையில் விற்பனையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, இரண்டு தம்ளர்களில் தண்ணீர் வைத்துக் கம்பி விட்டுக் காட்டியிருக்கிறார். போர்த் தண்ணீர் சேறுபோல் மாறியது, அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருந்தது. இந்தத் தண்ணீரால் முடி கொட்டும், சிறுநீரகக் கல் வரும், வீடு முழுவதற்கும் மணிக்கு 500 லிட்டர் ஆர்.ஓ.வும் (சவ்வு வழியாக உப்பை வடிகட்டும் இயந்திரம்) சாஃப்ட்னரும் (தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம்) வைத்தாக வேண்டும் என்று சொல்லி 3 லட்சத்து 40 ஆயிரம் விலை சொன்னார். வாசகி 25,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். "ஊருணித் தண்ணீரைக் குடித்துத்தானே வளர்ந்தோம், ஒன்றும் வேண்டாம்" என்கிறார் தம்பி. பக்கத்து வீட்டுக்காரர் குழாயில் காந்தம் கட்டச் சொல்கிறார். பங்காளி ஒருவர், மொட்டைமாடியில் எதையும் ஏற்றக் கூடாது என்கிறார். ஆத்தாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். முன்பணம் கொடுத்த பிறகாவது தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கையையும் கடிதத்தோடு இணைத்திருக்கிறார். போர்த் தண்ணீரில் லிட்டருக்கு டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 740 மில்லிகிராம், கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியத்தின் அளவு) 420, இரும்பு 1.8, குளோரைடு 180, நைட்ரேட் 18, ஃபுளோரைடு 0.7. வாரத்தில் மூன்று நாள் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரில் டி.டி.எஸ். 290, கடினத்தன்மை 130. மேல்தொட்டித் தண்ணீரில் மட்டும் கோலிஃபார்ம் கிருமி.

அன்புள்ள ஆச்சி,

உங்கள் தண்ணீர் கெட்ட தண்ணீர் இல்லை. தொந்தரவு கொடுக்கிற தண்ணீர், அவ்வளவுதான். முப்பது வருடமாக வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு அமைத்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் வீட்டுக்கு வீடு முழுவதற்குமான ஆர்.ஓ. தேவையில்லை. அதற்காக உங்கள் தம்பி சொல்வதுபோல் சும்மா இருந்துவிடவும் முடியாது.

அந்த இரண்டு தம்ளர்

உங்களைப் பயமுறுத்தியது அதுதான் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கருவியில் இரும்புக் கம்பிகள் இருக்கும். மின்சாரம் பாயும்போது கம்பியில் உள்ள இரும்பு கரைந்து துருவாகத் தண்ணீரில் இறங்கும். நீங்கள் பார்த்த சேற்றில் பெரும்பகுதி கம்பியிலிருந்து வந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் சரியாகப் பாயாது, கம்பி கரையாது, தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அவர் மறுபடி வந்தால் அந்தத் தெளிந்த தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும். நாம் தினமும் சாப்பிடுகிற உப்பு அழுக்கா? மின்வேதியியலுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற காரைக்குடிக்குப் பக்கத்திலேயே, மின்வேதியியலை வைத்து வயதானவர்களைப் பயமுறுத்துகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

கடினமான தண்ணீரால் சிறுநீரகக் கல் வரும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. தண்ணீர் போதுமான அளவு குடிக்காமல் இருப்பதுதான் அதைவிடப் பெரிய காரணம். "இந்தத் தண்ணீர் கல் உண்டாக்கும்" என்று பயந்து ஆத்தா குடிக்கும் அளவைக் குறைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றைக்கே மாற்றுங்கள். இந்த வெயிலில் அந்த வயதுக்குத் தண்ணீர் குறைவதுதான் ஆபத்து. இதய, சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவைப் பின்பற்றுங்கள். முடி கொட்டுவதற்கும் தண்ணீர் மேல் பழி போடப் போதுமான ஆதாரம் இல்லை. தலைமுடி சொரசொரப்பாகும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. இவை உண்மை.

தம்பியும் காந்தமும்

தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஊருணியில் நின்றது மழைத் தண்ணீர். கடினத்தன்மை மிகக் குறைவாக இருக்கும். குடிக்கிற ஊருணியில் குளிக்க விடமாட்டார்கள், மாட்டை இறக்க விடமாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தேற்றாங்கொட்டையைப் பானையில் இழைத்துத் தெளியவைப்பார்கள். கலங்கல் அடியில் தங்கும், ஆனால் கிருமி சாகாது. அந்தக் காலத்தில் வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் போன குழந்தைகளின் கணக்கையும் சேர்த்துத்தான் நாம் பேச வேண்டும். அதைவிட முக்கியமானது, அப்போது குடித்ததும் இப்போது போரிலிருந்து வருவதும் ஒரே தண்ணீர் இல்லை. 260 அடிக்குக் கீழே பாறையிலும் மண்ணிலும் பல காலம் ஊறிய தண்ணீர் இது. நம் செம்மண்ணையும் செம்புறாங்கல்லையும் சிவப்பாக்குகிற இரும்புதான் உங்கள் வாளியிலும் மஞ்சளாக நிற்கிறது. சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசிக்குக் காரைக்குடி பேர் போனது. அங்கிருந்து நாலு மைல் தள்ளிப் போர் போட்டால் வேறு தண்ணீர் வரும். அதனால்தான் அடுத்த வீட்டைப் பார்த்து எந்த இயந்திரமும் வாங்காதீர்கள் என்று சொல்கிறேன்.

காந்தம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது கால்சியத்தை எடுக்காது. கட்டிய பிறகு சோதித்துப் பார்த்தாலும் கடினத்தன்மை அதே 420 ஆகத்தான் இருக்கும். விட்டுவிடுங்கள்.

அறிக்கையைப் படிப்பது எப்படி

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. அதன்படி டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு அதேபோல் 200, 600. ஃபுளோரைடுக்கு 1.0, 1.5. நைட்ரேட் 45ஐத் தாண்டவே கூடாது. உங்கள் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் கட்டுக்குள் இருக்கின்றன. எனக்கு முதலில் நிம்மதி தந்தது அதுதான், ஏனென்றால் அந்த இரண்டும் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாமல் உள்ளே போகிறவை. விற்பனையாளர் வைத்திருந்த பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டருக்கும் அவை தெரியாது. இரும்பு எவ்வளவு, கிருமி உண்டா என்பதையும் அந்த மீட்டர் சொல்லாது.

உங்கள் வீட்டின் உண்மையான பிரச்சினைகள் மூன்று: இரும்பு, கடினத்தன்மை, மேல்தொட்டிக் கிருமி. முதல் இரண்டும் துணிக்கும் குழாய்க்கும் ஹீட்டருக்கும்தான் கேடு. மூன்றாவது உடம்புக்குக் கேடு. 3 லட்சத்து 40 ஆயிரம் விலைப்பட்டியலில் அந்த மூன்றாவதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கவனித்தீர்களா?

போர்த் தண்ணீரில் கிருமி இல்லை, தொட்டியில் இருக்கிறது. அப்படியென்றால் தொட்டியில்தான் சேர்கிறது. பல வருடம் பூட்டிக் கிடந்த வீடு, மூடி உடைந்த சிமெண்ட் தொட்டி, மேலே புறாக்கள். முதல் வேலையாகத் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் என்ற கணக்கில் நல்ல பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றுங்கள். எல்லாக் குழாய்களையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஆறு மணி நேரம் விட்டு, முழுவதையும் வெளியேற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள். அந்தத் தண்ணீரை அன்றைக்கு யாரும் புழங்கக் கூடாது, செடிக்கும் விடக் கூடாது. இரும்புள்ள தண்ணீர் என்பதால் குளோரின் பட்டதும் சிவக்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் எலிகூட நுழையாத மூடி ஒன்று போடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கிருமிக்கு மட்டும் மறுபடி சோதனை செய்யுங்கள். இதற்கு ஆகிற செலவு சில ஆயிரம்தான்.

எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர்

நம் பழைய வீடுகளில் குடிக்கிற தண்ணீர் ஒரு பானையில் இருக்கும், புழங்குகிற தண்ணீர் வேறு அண்டாவில் இருக்கும், தோட்டத்துக்குப் போவது இன்னொன்று. ஒரே குழாயில் எல்லாம் வர ஆரம்பித்ததும் அந்தப் பிரிவினை நமக்கு மறந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் வழி.

குடிக்க, சமைக்க: மூன்று பேருக்கு நாளைக்கு 20 முதல் 30 லிட்டர் போதும். அதற்குக் காவிரித் தண்ணீர் இருக்கிறது. டி.டி.எஸ். 290 உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. எதற்கு? 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019ல் உத்தரவிட்டது. அடுப்படியில் தனியாக ஒரு சிறு தொட்டி, வண்டலைப் பிடிக்கும் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், அதற்குப் பின் யு.வி. (புற ஊதா) விளக்கு. இது போதும். யு.வி. கிருமியைத்தான் கொல்லும், தண்ணீர் கலங்கலாக இருந்தால் அதுவும் சரியாக வேலை செய்யாது. கரண்ட் இல்லாத நாளில் கொதிக்கவைத்துக் கொள்ளுங்கள். காவிரி அடிக்கடி வராமல் போனால் மட்டும், அடுப்படிக்கு ஒரு சின்ன ஆர்.ஓ. வைத்து போர்த் தண்ணீரை அதில் விடலாம்.

குளிக்க, துவைக்க, ஹீட்டருக்கு: இங்கேதான் சுத்திகரிப்பு வேண்டும், இதில் வரிசை முக்கியம். முதலில் இரும்பு, பிறகுதான் சாஃப்ட்னர். இரும்பை எடுக்காமல் சாஃப்ட்னருக்குள் விட்டால், உள்ளே இருக்கிற ரெசின் மணிகளின் மேல் துரு படிந்து, சீக்கிரமே அது உழைக்காமல் போய்விடும். உங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் சாஃப்ட்னர் முதலில் இருக்கிறது. அந்த ஒரு தவறுக்காகவே நான் அதை ஒதுக்கியிருப்பேன்.

பிடிக்கும்போது தெளிவாகவும் பிறகு மஞ்சளாகவும் ஆகிறது என்று எழுதினீர்களே, அது நல்ல துப்பு. இரும்பு கரைந்த நிலையில் போரிலிருந்து வருகிறது, காற்றுப் பட்டதும் துருவாகிறது. பழைய குழாயின் துருவாக இருந்தால் காலையில் முதல் வாளியே சிவப்பாக வந்து, போகப்போகத் தெளியும். உங்கள் பின்கட்டில் சும்மா கிடக்கும் தொட்டியில், துளையிட்ட குழாய் வழியாகப் போர்த் தண்ணீரைத் தூறல் போல விழவைத்தாலே நிறைய இரும்பு துருவாகி அடியில் தங்கிவிடும். மிச்சத்தை மாங்கனீஸ் டை ஆக்சைடு கலந்த மணல் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். ஃபில்டரை வாரம் இருமுறை தலைகீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் "ஃபில்டர் வைத்தும் பிரயோசனம் இல்லை" என்பார்கள். வெளியே வரும் தண்ணீரில் இரும்பு 0.3க்குக் கீழே இறங்கினால் வேட்டி வெளுப்பாக இருக்கும்.

சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கிறது. டி.டி.எஸ். குறையாது. ரெசின் களைத்ததும் உப்புக் கரைசல் விட்டு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். கடினத்தன்மை 100 குறைந்தால் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் கூடும். உங்கள் தண்ணீரை முழுக்க மென்மையாக்கி ஆத்தா இரண்டு லிட்டர் குடித்தால், கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்பைக் கூடுதலாகச் சாப்பிட்ட கணக்கு. ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் சாஃப்ட்னர் தண்ணீர் அடுப்படிக்குப் போகவே கூடாது.

இப்போது அளவு. ரெசின் ஒரு லிட்டருக்குச் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1250 கிராம். வீட்டில் புழங்கும் 1000 லிட்டரையும் அடியோடு மென்மையாக்கினால் நாளைக்கு 420 கிராம், அதாவது மூன்று நாளுக்கு ஒருமுறை உப்பு விட வேண்டும். ஒரு தடவைக்கு 3 கிலோ வைத்தால் மாதம் 30 கிலோ. குளியலறைக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் தேவையான 300 லிட்டரை மட்டும் எடுத்து, அதையும் பூஜ்யம் வரை கொண்டுபோகாமல் பைபாஸ் வால்வால், சாஃப்ட்னருக்குள் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து 100 அளவில் நிறுத்தினால், 13 நாளுக்கு ஒருமுறை போதும். மாதம் 7 கிலோ உப்பு. குளித்தபின் உடம்பு வழுவழுவென்று இருக்கிற எரிச்சலும் இருக்காது.

கழிவறைக்கும் செடிக்கும் வாசல் தெளிக்கவும் போர்த் தண்ணீர் அப்படியே போகட்டும். உயரத்தில் இரண்டு தொட்டி (மொட்டைமாடியில் இல்லை, எங்கே என்று பின்னால் சொல்கிறேன்), இரண்டு குழாய் வரிசை. குழாய் வேலை புதிதாக நடப்பதால் இப்போது பிரிப்பது சுலபம், பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாம் கூடினால் 50 பேர் ஆகிவிடுகிறது, அதற்குத்தான் பெரிய இயந்திரம் என்று விற்பனையாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வருடத்தில் நாலு நாளுக்காக 361 நாள் பெரிய இயந்திரத்தைக் கட்டி மேய்க்க வேண்டியதில்லை. அந்த நாலு நாளும் பைபாஸைத் திறந்துவிடுங்கள். வந்தவர்கள் கொஞ்சம் கூடச் சோப்பு போட்டுக் குளிப்பார்கள்.

கழிவு எங்கே போகும்

வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. வைத்தால், பெரிய இயந்திரத்திலும் 1000 லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறத்தாழ இன்னொரு 1000 லிட்டர் உப்பு கூடிய கழிவாக வெளியே போகும். நம் ஊர்களில் கோடையில் போர் வற்றுகிறதை வைத்துக்கொண்டு தினமும் அப்படிக் கொட்ட எனக்கு மனசு வராது. சாஃப்ட்னரின் உப்புக் கழிவு அளவில் சிறியது, ஆனால் வீரியமானது. உங்கள் வீட்டு வடிகால் இன்றும் ஊருணியில்தான் சேர்கிறது. அதில் ஒரு சொட்டும் போகக் கூடாது. தென்னை மூட்டுக்கும் செப்டிக் டேங்குக்கும் போர் பக்கத்துக்கும் ஆகாது. தெருவில் கழிவுநீர்க் குழாய் இருந்தால் அதில் சேருங்கள். இல்லையென்றால் உப்பின் அளவைக் குறைப்பதுதான் ஒரே வழி. 30 கிலோவுக்குப் பதில் 7 கிலோ என்று நான் இவ்வளவு கணக்குப் போட்டது அதற்காகவும்தான்.

ஆத்தங்குடிக் கல், மொட்டைமாடி, பங்காளிகள்

கல்லில் பூத்த வெள்ளை எல்லாம் போர்த் தண்ணீரால் வந்ததில்லை என்று நினைக்கிறேன். குளியலறை வாசலில் தண்ணீர் சொட்டிக் காய்ந்த இடத்தில் இருப்பது தண்ணீரின் சுண்ணாம்பு. வளவின் (முற்றத்தைச் சுற்றிய கட்டின்) மூலையிலும் முகப்புச் சுவரோரமும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கே தண்ணீர் படுவதே இல்லை. அது தரைக்குக் கீழே இருக்கும் ஈரம் மேலேறிக் கொண்டுவரும் உப்பு. எந்த சாஃப்ட்னரும் அதைப் போக்காது. மழைத்தூம்பு எங்கே ஒழுகுகிறது, வளவுத் தண்ணீர் வெளியேறும் வழி அடைத்திருக்கிறதா என்று கொத்தனாரை வைத்துப் பாருங்கள். தயவுசெய்து ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சுட்ட கல் இல்லை. சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கையால் வார்த்தது, ஆசிட் அந்த வண்ணத்தைத் தின்றுவிடும்.

மொட்டைமாடி விஷயத்தில் உங்கள் பங்காளி சொல்வதுதான் சரி. 1000 லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய மச்சுக்கு அதை ஏற்றாதீர்கள். பின்கட்டுத் தோட்டத்தில் தனியாகக் கான்கிரீட் தூண் எழுப்பித் தொட்டிகளை அதன்மேல் வையுங்கள். பொது இடம் என்பதால், எங்கே என்ன வைக்கிறீர்கள், யார் செலவு, பின்னால் எடுக்க வேண்டி வந்தால் எடுப்பது யார் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லாப் புள்ளிக்காரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்று, நீங்கள் மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போகும் இரண்டு மாதமும் இந்த ஃபில்டர்கள் சும்மா நிற்கும். தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும். திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் நன்றாக அலசி, அடுப்படி கார்பனை மாற்றிய பிறகே குடியுங்கள்.

கொடுத்த 25,000

போனில் பேச வேண்டாம். "ஆய்வக அறிக்கைப்படி இந்த இயந்திரம் எங்களுக்குத் தேவையில்லை, ஆர்டரை ரத்து செய்கிறோம், முன்பணத்தை 15 நாளில் திருப்பித் தாருங்கள்" என்று எழுதி, அறிக்கை நகலோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தம்ளர் சோதனையைக் காட்டி நோய் வரும் என்று பயமுறுத்தியதையும் தேதியோடு எழுதுங்கள். ரசீதின் பின்பக்கத்தில் ரத்து பற்றி ஏதாவது அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இயந்திரம் இன்னும் வந்து இறங்காததால் பெரும்பாலும் பேசி முடிந்துவிடும். முழுத் தொகையும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல நான் வழக்கறிஞர் இல்லை. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேலும் போக வேண்டி வந்தால், 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது.

புதிதாக விலை கேட்கும்போது மூன்று பேரிடம் கேளுங்கள். மூவருக்கும் அறிக்கையைக் கொடுத்து, போர் மோட்டார் மணிக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்பதையும் ஒரு தொட்டி நிரம்பும் நேரத்தை வைத்துக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். அந்த வேகத்தைக் கேட்காமலே ஃபில்டர் அளவு சொல்கிறவரை விட்டுவிடுங்கள். வந்த மூன்று விலைப்பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.